குணம் அண்ணை கையில் என் சப்பாத்து

புகைப்படக்காரர் குணம் அண்ணை காலமானதை எனக்கு முதலில் சொன்னவள் அவருடைய மகள் ஆரணி. செவ்வாய்க்கிழமை காலை லண்டன் செவன் கிங்ஸ் வீட்டிலிருந்து அழைத்தாள். "மாமா, அப்பா நித்திரையிலேயே போயிட்டார்." அதன்பின் வாட்ஸ்அப்பில் மூன்று செய்திகள் வந்தன. மூன்றிலும் வயது பிழை. அவருக்கு அறுபத்தெட்டு.

உங்களில் பலருடைய கல்யாணப் படம் அவர் எடுத்தது. கடைசி ஆள் வரும்வரை குடும்பப் படம் எடுக்கமாட்டார். மண்டபக்காரர் சத்தம் போட்டாலும், "ஒருத்தரும் விடுபடக் கூடாது, எண்ணிப் பாருங்கோ" என்பார். ஒருமுறை கழிப்பறைக்குப் போன சித்தப்பாவுக்காக இருபது நிமிடம் எல்லோரும் நின்றோம். காரணம் எனக்குத் தெரிந்தது சென்ற இலையுதிர்காலத்தில்தான்.

அண்ணையும் நானும் ஜப்பானுக்குச் சுற்றுலா போயிருந்தோம். மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முதல் நாள் மாலை ஐந்து மணிக்குத் தெருக் கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பாட்டு, பிறகு ஒரு பெண் குரல். அண்ணை எங்கள் விடுதியின் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தோளில் பை, ஒரு கையில் இரண்டு பாஸ்போர்ட், மறு கையில் நான் கழற்றி வைத்திருந்த சப்பாத்து.

"வெளிக்கிடும். ஊரை விட்டுப் போகச் சொல்லி அறிவிக்கிறாங்கள்."

விடுதிக்கார அம்மா கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம், தினமும் ஒலிக்கும்.

அண்ணை படியில் உட்கார்ந்தார். "எனக்கு ஜப்பான் பாசை விளங்காதெண்டு ஆர் சொன்னது?" என்று சிரித்தார். பாஸ்போர்ட் இரண்டையும் பைக்குள் வைத்தார்.

பிறகு சொன்னார். போர்க்காலத்தில், ஊரை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி வாகனம் வந்த மாலை, மனைவியையும் கைக்குழந்தையையும் சைக்கிளில் ஏற்றினார். தகப்பன், "நீ போ, கதவைப் பூட்டிப்போட்டு வாறன்" என்றாராம். அண்ணை காத்திருக்கவில்லை. தகப்பனைப் பற்றிய தகவல் இன்றுவரை இல்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. பாட்டு இல்லை. விடுதி அம்மா மொழிபெயர்த்துக் காட்டினார்: சாம்பல் நிறத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவரைக் காணவில்லை. அண்ணை கமராவை மேசையில் வைத்துவிட்டு ஊராரோடு தேட இறங்கிவிட்டார். அறுவடை முடிந்த வயல்களில் அவர்கள் அந்த முதியவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "அப்பு! அப்பு!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். அது தன் தகப்பனை அவர் அழைத்த சொல். இருட்டும்வரை யாரும் பதில் தரவில்லை.

மறுநாள் காலை எங்கள் பஸ் புறப்பட்டபோதும் முதியவர் கிடைத்திருக்கவில்லை. லண்டன் வந்தபின், விசாரித்துப் பார்க்கவா என்று கேட்டேன்.

"வேண்டாம், கேளாதையும். கேட்டால் ஒரு பதில்தான் வரும்."

தப்பி ஓடவேண்டும் என்று நினைத்த நிமிடத்திலும் அவர் என் சப்பாத்தைத் தேடி எடுத்திருந்தார். அவர் நினைவாக நான் மனதில் வைத்துக்கொள்வது அதைத்தான்.

ஆனால் நேற்று, அவர் சொல்லை மீறி, விடுதிக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். ஊர் அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்று அந்த அம்மா பதில் எழுதியிருக்கிறார். தகனம் வரும் புதன்கிழமை பதினொரு மணிக்கு. பதில் அதற்கு முன் வந்துவிடும். அதை அண்ணையின் காதில் சொல்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.