ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர்

எங்கள் தெருவில் என் அண்ணனுக்கு 'பாயிண்ட்' என்று பெயர். யார் என்ன பேசினாலும் "இதுல ஒரு பாயிண்ட் இருக்கு" என்று விரலைத் தூக்குவார். தண்ணீர் வரி ஆபீசில் முப்பது வருஷம் தபாலில் முத்திரை குத்தியவர். குத்திய தாளில் இருந்ததெல்லாம் தலைக்குள் ஏறிவிட்டதாக நினைப்பு.

கணவர் போன பிறகு நான் அவர் வீட்டோடுதான் இருக்கிறேன். முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். என் சோறும் துணியும் அந்த அறையிலிருந்து வந்தவை.

அறை இருக்கும் இடம் தனக்குச் சொந்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அண்ணன்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அப்பீலுக்கு முப்பது நாள் கெடு. எங்கள் வக்கீல் அப்பீல் எழுத அன்றைக்கே தீர்ப்பு நகலைக் கேட்டார். "அந்த ஆள் எழுதிக் கிழிச்சது போதும். நானே எழுதறேன்" என்று அண்ணன் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பதினாலு பாயிண்ட் எழுதினார். ஒவ்வொன்றையும் அண்ணிக்கு நின்றபடி வாசித்துக் காட்டினார். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் வழிந்ததைத் தன் எழுத்தின் பலம் என்றே அண்ணன் எடுத்துக்கொண்டார்.

நான் ஏழாவதோடு நின்றவள். முப்பது வரை எண்ணத் தெரியும். இருபத்தாறாம் நாள் கதவோரம் நின்று, "அண்ணா, இன்னும் நாலு நாள்தானே இருக்கு?" என்றேன்.

"யாருக்குக் கணக்கு சொல்லித் தர்றே? ஞாயித்துக்கிழமையைக் கழி. லீவைக் கழி. கோர்ட்டே சாத்தியிருக்கிற நாளை எவனாவது சேர்ப்பானா? அதுலதாண்டி பாயிண்டே இருக்கு. போய் பட்டன் தை."

போய்த் தைத்தேன். நானே வக்கீலிடம் ஓடியிருக்கலாம். வெளியாள் முன்னால் எனக்கு வாய் எழாது. அந்த விஷயத்தில் என்மேலும் எனக்கு மரியாதை இல்லை.

முப்பத்தேழாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். காகிதக் கட்டைச் சுமக்க நான் பின்னால் போனேன். வக்கீல் தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், கெடு போன வாரமே முடிஞ்சாச்சு. ஞாயிறும் சேர்த்திதான். ஏழு நாள்தானே, ஒரு வழி இருக்கு. 'நாளைத் தப்பா எண்ணிட்டேன், மன்னிக்கணும்'னு மனு போடலாம். அநேகமா ஏத்துக்குவாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"நான் தப்பா எண்ணினேன்னு நானே எழுதித் தரணுமா?"

"அதானே சார் நடந்தது?"

"தங்கச்சி நகலைத் தொலைச்சுட்டான்னு போடுங்க. படிக்காதவ, அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். வக்கீல் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு பேனாவை மூடினார். "பொய்யை நான் தாக்கல் பண்றதில்லை."

வீட்டில் மூன்று நாள் கெஞ்சினேன். "ஒரு கையெழுத்துதானே அண்ணா. அறை போயிடும்."

"அறை போனா போகட்டும். மானம் போனா வருமா?"

போனது என் அறை. மானம் அவருடையது. அந்த வாரத்திலேயே தெருவில் மூன்று பேருடைய மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், சுழித்துச் சுழித்து. என் மனுவுக்குப் பேனா எழவில்லை.

துணி வெட்டும் மேஜையை வந்த விலைக்குக் கொடுத்தேன். மெஷினைச் சமையலறை மூலைக்குக் கொண்டுபோக இரண்டு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் நிலைவாசலில் நின்று விரலைத் தூக்கினார். "சுவத்துல இடிக்காதீங்கப்பா. பக்கத்து வீட்டுக்காரங்க நஷ்ட ஈடு கேட்பாங்க. இதுல ஒரு பாயிண்ட்..."

"வழியை விட்டு நில்லுங்க" என்றேன்.

நகர்ந்தார்.