கூட்டத்தைத் திருப்பத் தெரிந்தவர்

"8.05, எனர்ஜி ஹை. 8.15, ஸ்மோக். 8.20, கப்பிள் என்ட்ரி, க்ரவுட் க்ளாப்."

போன ஞாயிற்றுக்கிழமை சான்பாடாவில் ஒரு கல்யாண வரவேற்பு. டிஜேயின் மேசையிலிருந்து பறந்து என் காலடியில் விழுந்த தாளில் இப்படி அச்சடித்திருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் குனிந்தேன். ஆனால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நேரம் எழுதிய காகிதத்தைக் கண்டால் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வராது. வீட்டில் அலமாரி முழுக்க இப்படிப்பட்ட குப்பைதான் என்பது என் மனைவியின் கருத்து. பெரும்பாலும் சரியான கருத்து.

அந்த டிஜே மூன்று மணி நேரத்தில் நான்கு முறை தலை நிமிர்ந்தார். எண்ணினேன். நான்கு முறையும் அவர் பார்த்தது தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராவை. மற்ற நேரமெல்லாம் மடிக்கணினிதான். "ஹாத் ஊபர்!" என்று கத்துவார், கைகள் மேலே போகும். "மேக் சம் நாய்ஸ்!" என்பார், சத்தம் வரும். இதற்குத்தான் எனர்ஜி என்று பெயராம். கிங்ஸ் சர்க்கிளில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினாலும்தான் வண்டிகள் நிற்கின்றன. அவர் தன்னைக் கலைஞர் என்று எங்கேயும் அச்சடித்துக்கொள்வதில்லை.

8.15-க்குப் புகை வந்தது. இருமல் மருந்தைக் காய்ச்சியது போன்ற ஒரு தித்திப்பு நெடி. எனக்கு அந்த நெடி பிடிக்காது. பிடித்த நெடி வேறு: சூடேறிய ஆம்ப்ளிஃபயரின்மேல் படிந்த தூசி கருகும் நெடி. அது சுலைமான் பாயின் நெடி.

சுலைமான் பாய்க்குத் தாராவியில் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் பட்டறை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாரநாளில் பட்டறை, ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர், மாஹிம் மண்டபங்களில் வரவேற்புகளுக்குப் பாட்டுப் போடுவார். இரண்டு சிடி பிளேயர், ஒரு மிக்ஸர், நான்கு ஒலிபெருக்கிப் பெட்டி. டிஜே என்று யாராவது சொன்னால், "நான் சவுண்டு போடுதவன் வே" என்பார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன குமாஸ்தா. மாட்டுங்காவில் வளர்ந்தவன். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுவேன் என்ற தகுதியில் அவரிடம் அறிவிப்பாளனாக ஒட்டிக்கொண்டேன். உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய பெட்டியில் என் குரலைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

அவரிடம் பார்த்ததைத் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். முதல் பக்கத்தில் மின்விசிறி. நாற்காலி வரிசைப் பக்கம் இருக்கும் நிற்கும் விசிறிகளை அவரே போய் ஒவ்வொன்றாக ஆடுகிற இடத்தின் பக்கம் திருப்பிவிடுவார். பத்தே நிமிடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு எழுந்து வருவார்கள். வந்தவர்களின் கால், தாளத்துக்குத் தானாகத் தட்டும். தாளம்தான் மனிதனை இழுக்கிறது என்று சொல்கிறவர்கள் மே மாதத்தில் செம்பூர் மண்டபத்தில் பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

அடுத்த பக்கத்தில் கைப்பை. பெண்கள் ஆட வராததற்கு வெட்கம் காரணமல்ல, கைப்பையை எங்கே வைப்பது என்பதே காரணம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். மிக்ஸருக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடுவார். "அக்காமாரே, பையெல்லாம் இங்கன வைங்க. நம்ம மாட்டுங்கா தம்பி பாத்துக்கிடுவாரு." அப்படியாக, பட்டதாரியான நான் பதினேழு கைப்பைகளுக்குக் காவல் நின்றிருக்கிறேன். எண்ணிக்கையும் நோட்டில் இருக்கிறது.

"மூஞ்சியப் பாக்காதீரும் வே. மூஞ்சி போட்டோவுக்குச் சிரிக்கும். காலப் பாரும்" என்பார். கூட்டம் சோர்ந்தால் இன்றைய வித்வான்கள் சத்தத்தை ஏற்றுகிறார்கள். அவர் குறைப்பார். காதுக்கு எட்டாததால் ஜனங்கள் நெருங்கி வருவார்கள். நெருங்கிய பிறகு மெல்ல ஏற்றுவார். இடப்பக்கப் பெட்டியை இறக்கி வலப்பக்கத்தை ஏற்றினால் முழுக் கூட்டமும் வலப்பக்கம் நகரும், தான் நகர்வது தெரியாமலே. கூட்டத்தைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்த மிக்ஸருக்குப் பின்னால் நின்றபோதுதான் போயிற்று.

இதையெல்லாம் சொல்வது ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்காக. தேதி என்னிடம் இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

மணமகள் தாராவிப் பெண், மீனா. சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் சூம்பியது. மாப்பிள்ளை வீட்டார் செம்பூர்க்காரர்கள். அவர்களுக்கும் தெரியும், மறைத்த கல்யாணம் அல்ல. வரவேற்பு ஆரம்பிக்கும் முன்பு, நாங்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே மேடையின் ஓரத்துக்கு வந்தது.

"பாய் அண்ணே, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. இன்னைக்கு என்னிய மேடைய விட்டு எறக்கிராதீய."

"ஏம்மா?"

"வெக்கம்லாம் இல்லண்ணே. நான் நொண்டுதது ஊருக்கே தெரியும். ஆனா நாலு எட்டு வச்சதும் கைதட்டுவாங்க பாத்தியளா, 'பாவம், எம்புட்டு நல்லா ஆடுது'ன்னு? அத எங் கல்யாணத்துல என்னால தாங்க முடியாது."

சுலைமான் பாய் சிரிக்கவில்லை. "நீ ஜம்முன்னு ஒக்காந்திரும்மா. இவனுவள நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பக்கத்திலேயே நின்ற நான் இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு சொல் விடாமல்.

ஏழரை மணிக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆரம்பித்தார்கள். "கப்பிள்! கப்பிள்!" என்று கத்தியபடி மேடையை நோக்கி நகர்ந்தார்கள். பாய் மராத்தி மீனவர்களின் கோலிப் பாட்டு ஒன்றைப் போட்டார். மராத்திக்காரர்கள் துள்ளிக்கொண்டு நடுவில் பாய்ந்ததில் நண்பர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். எட்டு மணிக்கு மறுபடியும். இம்முறை மேடைப்பக்கப் பெட்டியை இறக்கிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நையாண்டி மேளத்தை ஏற்றினார். ஐம்பது பேர் மேடைக்கு முதுகு காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். மேடையில் மீனா மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது. அதற்குப் புரிந்துவிட்டது, அந்த மண்டபத்தில் புரிந்தது அதற்கு மட்டும்தான்.

பிறகு பாய் பாட்டை நிறுத்தினார். ஒரு சின்ன இடைவெளி. பசி ஞாபகம் வந்து ஜனங்கள் தாமாகப் பந்திக்குப் போகட்டும் என்பதற்கான இடைவெளி அது. எனக்கு அது தெரியும், அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு மணி நேரமாகக் கைப்பைகளோடு நின்றவனுக்கு, மௌனத்தைக் கண்டதும் கை மைக்கைத் தேடியது.

"இதோ, நம் அன்பு மணமக்கள் இப்போது மேடையிலிருந்து இறங்கி நம்மோடு ஆடப்போகிறார்கள்! ஜோராக ஒரு கைதட்டல்!"

ஒரு விஷயத்தை எழுதி வைப்பவன் அதை நினைவில் வைக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரமாகத் தாளில் இருக்கிறதே என்று மண்டையிலிருந்து இறக்கிவிடுகிறான்.

கூட்டம் ஒரே உடம்பாகத் திரும்பியது. கைதட்டல், விசில், "பாபி! பாபி!" என்று அண்ணியை அழைக்கும் கூச்சல். இரண்டு பெண்கள் மேடையில் ஏறி மீனாவின் தோளைப் பிடித்து எழுப்பினார்கள். ஒருத்தியின் முகத்தில் அந்தப் 'பாவம்' இப்போதே தயாராக இருந்தது. மீனா எங்கள் பக்கம் பார்த்தது. சுலைமான் பாய் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். ஒரு துள்ளல் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டார். யாரும் திரும்பவில்லை. அந்தக் கூட்டத்தை இனி எந்தப் பாட்டாலும் திருப்ப முடியாது. அவர் மேசைக்குக் கீழே குனிந்தார்.

டப் என்று ஒரு சத்தம். நான்கு பெட்டியும் செத்தன. மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுற்றின. பாட்டு மட்டும் இல்லை.

பாட்டு இல்லாத வெளிச்சத்தில் ஆடத் தயாராக நிற்கும் இருநூறு பேரைப் போல அசட்டுத்தனமான காட்சி உலகத்தில் வேறில்லை. தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டார்கள். அரை நிமிடத்தில் யாரோ, "பந்தி போட்டாச்சா?" என்றார். மேடையில் ஏறிய பெண்களும் இறங்கிப் போனார்கள். மீனா உட்கார்ந்துகொண்டது.

மாப்பிள்ளையின் மாமா நேராக எங்களிடம் வந்தார். "என்னய்யா செட்டு வெச்சிருக்க? தண்டம்! பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன்கூட இத வாங்க மாட்டான்!"

"ஃபியூஸ் போயிருச்சு முதலாளி, மன்னிக்கணும்" என்று பாய் கும்பிட்டார். கீழே உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒயர்களை நோண்டிக்கொண்டே இருந்தார்.

நல்ல நேரத்தில் பழுதாகிற செட்டு என்ற பேச்சு செம்பூரிலிருந்து தாராவிக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அந்தப் பருவத்தில் பேசி வைத்திருந்த வரவேற்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. பிறகு அவருக்குப் பொதுக்கூட்டங்களுக்கு மைக் கட்டும் வேலைதான். அறிவிப்பாளன் தேவைப்படவில்லை. அவர் காலமாவதற்கு முன்பு ஒரே ஒருமுறை பட்டறையில் வைத்துக் கேட்டேன். "பாய், அன்னிக்கு நெஜமாவே ஃபியூஸ் போச்சா?"

"ஃபியூஸுன்னா போவத்தான வே செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டார்.

மீனாவை ஒருமுறை மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்தேன். கூட அதன் மகள். "நீங்க அந்த மைக் அண்ணன்தான?" என்று கேட்டது. இல்லையே, வேறு யாரோ என்றேன்.

பட்டறை இருந்த சந்தில் இப்போது அந்தப் பட்டறை இல்லை. செம்பூர் மண்டபத்தை இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். பாட்டுப் போடுவதற்கு முன் மேடையில் இருப்பவரை ஒருமுறை பார்க்கிற ஆள், நான் போகிற எந்த வரவேற்பிலும் இல்லை. அவர்களிடம் தாள் இருக்கிறது.

என் நோட்டில், "8.17, ஃபியூஸ் போனது" என்று இருக்கிறது. குனிந்த கை ஒயரைப் பிடுங்கியதா, ஃபியூஸ் தானாகப் போனதா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. தெரிந்தவர் காலமாகிவிட்டார். தெரிந்திருக்கக்கூடிய இன்னொருவரிடம், அந்த மைக் அண்ணன் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.