மூடி இல்லாத கம்ப்யூட்டர்

நாகராசு தம்பிக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். இந்தத் தொகையில் எப்படி ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லையோ, அப்படித்தான் இனி எழுதப் போவதும். நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் பெயர் மீனம்மாள். சித்தாள் வேலை. சித்தன்னவாசல் போகிற சாலையில் எங்கள் ஊர். மகள் இலக்கியா இரண்டாம் வகுப்பு படித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் புத்தகத்தில்தான் நானும் எழுத்துக் கற்றேன். அப்போது எனக்கு முப்பத்திநாலு வயது. இப்போது அவள் புதுக்கோட்டையில் பி.சி.ஏ. இரண்டாம் வருடம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் அந்தப் படிப்பைப் படிக்க முடியாது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கினால் முப்பதாயிரம். நான் நாள் முழுக்கச் சிமெண்டுச் சட்டி தூக்கினால் ஐந்நூறு. அதுவும் வேலை இருக்கிற நாளில். அப்போதுதான் நாகராசுவைப் பற்றிச் சொன்னார்கள். புதுக்கோட்டையில் வீட்டு மாடியிலேயே வைத்துப் பழைய சாமான்களில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிறவர். மூடிப்போன ஏதோ ஆபீசிலிருந்து ஆறு பெட்டிகளை எடைக்கு வாங்கி வைத்திருந்தார். ஒன்றில் போர்டு நல்லது, ஒன்றில் டிஸ்க் நல்லது. அப்படியே பொறுக்கிச் சேர்த்தார். மானிட்டரில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு ஓடியது.

"என்ன தம்பி, கோடு தெரியுதே?"

"கோட்டுக்கு ஐந்நூறு கம்மி பண்ணிருக்கேன்க்கா. கோடு இல்லாம வேணும்னா ஐந்நூறு கூடக் குடுங்க."

"கோடு இருக்கட்டும்."

மொத்தம் ஒன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். மீதியை ஒரு மாதத்தில் தருகிறேன் என்றேன். அவர் சரியென்று பெட்டியைத் தந்தார். பெட்டியின் ஒரு பக்கத்துத் தகட்டை மட்டும் தரவில்லை.

"முழுக் காசும் வந்தாத்தான்க்கா மூடி வரும். நோட்டுல எழுதுற பழக்கமெல்லாம் எனக்கு இல்ல. மூடி ஏங்கிட்ட இருந்தா பாக்கி இருக்கு. இல்லாட்டி இல்ல."

அவருக்குப் பின்னால் சுவரில் எட்டுப் பத்துத் தகடுகள் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில் ஒரு பெயர், ஒரு தொகை. எங்கள் தகட்டிலும் என் கண் முன்னாலேயே எழுதினார். மீனம்மா, 1850.

மூடி இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடியது. உள்ளே வயர்கள் குடல் மாதிரித் தெரியும். போர்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். இரவில் அந்த வெளிச்சம் தரையில் விழுந்து கிடக்கும்.

ஒரு மாதத்தில் பணம் சேர்ந்துவிட்டது. சரியாக ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஆனால் அதற்குள் கம்ப்யூட்டர் தவழ ஆரம்பித்திருந்தது. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று நின்றுவிடும். இலக்கியா கண்ணைக் கசக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். ராம், எஸ்.எஸ்.டி. என்று உள்ளே இரண்டு பாகத்தைப் பழையதாக வாங்கி மாற்றிப் போட்டாலே பறக்கும் என்றாள். நாகராசுவிடம் போனால் முதலில் பாக்கியைக் கேட்பார். அதனால் வேறு கடைக்குப் போனோம். ஆயிரத்து எண்ணூறு ஆனது. மீதி ஐம்பதுக்கு முட்டையும் தக்காளியும் வாங்கினேன்.

"இது நாகராசு அண்ணன் காசும்மா," என்றாள் இலக்கியா.

"அடுத்த மாசம் குடுத்துக்கலாம். நீ படி."

அடுத்த மாதம் மழை. வேலை இல்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு இருபதுக்கு வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தேன். நாகராசு. வண்டியின் பின்னால் ஒரு சாக்குப் பை கட்டியிருந்தது. நான் அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பணம் இல்லாதது மட்டும் காரணமில்லை. உள்ளே வந்தால் திறந்து கிடக்கிற பெட்டியைப் பார்ப்பார். மாற்றிப் போட்ட ராம் கண்ணில் படும். அவர் காசு எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"அம்மா இருக்காங்களா பாப்பா?"

"வேலைக்குப் போயிட்டாங்கண்ணே. இன்னும் வரல."

"கம்ப்யூட்டர ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேனே."

இலக்கியா என் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"அம்மா வந்தப்புறம் வாங்கண்ணே."

வாசற்படியில் அவர் கால் மாற்றி நிற்பது கேட்டது. பிறகு, "சரி பாப்பா, நாளைக்கு வாரேன்," என்றார். வண்டி கிளம்பியது. அதன் பிறகுதான் பார்த்தேன். என் செருப்பு வாசற்படியிலேயே கிடந்தது.

இரவு பன்னிரண்டு ஐம்பதுக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதில் முழித்துக்கொண்டேன். இலக்கியா கம்ப்யூட்டரை அணைக்காமலே தரையில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். பெட்டியும் தரையில்தான் இருந்தது. அவளுடைய வெறுங்கால் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் தரையெல்லாம் ஓதம். தூக்கம் வரவில்லை. செருப்புதான் கண்ணுக்குள் கிடந்தது.

ஒன்று பத்து. செல்போனில் மணி பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறேன்... டி.வி.எஸ். சத்தம். தூரத்திலிருந்து வந்தது. எங்கள் வாசலில் நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம். டக்.

கதவு தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை.

ஒன்று பன்னிரண்டு. ஙொய்ய்ய்... என்று கம்ப்யூட்டர் விசிறி ஓட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன்.

மேலே மின்விசிறி ஓடவில்லை. தெருவிளக்கு எரியவில்லை. ஊரே இருட்டு.

பெட்டிக்குள் மட்டும் பச்சை விளக்கு.

ஈயம் உருக்குகிற வாசனை வந்தது. நாகராசு மாடியில் எப்போதும் இருக்கும் அதே வாசனை.

தகரத்தில் தகரம் உரசியது. தரையில் விழுந்திருந்த பச்சை வெளிச்சம் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது... மெதுவாக... யாரோ கதவைச் சாத்துவது போல.

கிர்ர்... கிர்ர்... ஸ்குரூ முறுக்கும் சத்தம். ஒன்று.

கிர்ர்... இரண்டு.

எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு வரவில்லை.

இலக்கியாவின் கால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. யாரோ கணுக்காலைப் பிடித்துத் தூக்கி... தள்ளி வைத்தார்கள்.

விசிறி நின்றது.

என் காதுக்குப் பக்கத்தில்...

"செருப்பு நனையுதுக்கா."

அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

காலை ஆறு மணிக்கு இலக்கியா எழுப்பினாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கே கரண்ட் வந்துவிட்டதாம். கம்ப்யூட்டரின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, வயர் அழகாகச் சுற்றிப் பெட்டி மேல் வைக்கப்பட்டிருந்தது.

பெட்டிக்கு மூடி மாட்டியிருந்தது.

மீனம்மா, 1850.

"நாகராசு அண்ணன் எப்பம்மா வந்தாரு?"

நான் எழுந்து வாசல் பக்கம் போனேன். கதவின் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. அவருக்குப் போன் போட்டேன். யாரோ ஒருவர் எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் ஏழு ஐந்துக்கு, எங்கள் ஊரிலிருந்து திரும்பும் வழியில் லாரி மோதி நாகராசு அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றார்.

எங்கள் வாசலை விட்டுப் போய் முக்கால் மணி நேரம்தான்.

இறப்புக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வராணி தரையில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானாக்கா அது. கடைசியா ஒங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. டீக்கடையில நின்னு போன் பண்ணுனாரு."

"என்ன சொன்னாருங்க?"

"அக்கா உள்ளதான் இருக்காங்க, செருப்பு கெடந்துச்சு, காசு கேக்க வந்தேன்னு நெனச்சுச் சங்கடப்பட்டு ஒளிஞ்சுக்கிட்டாங்கன்னு சொன்னாரு. பாவம்னாரு."



"காசுக்கு வரலைங்களா?"

"இல்லக்கா. அரிமளத்துல அதே மாதிரிப் பெட்டி ஒண்ணு ஷாக் அடிச்சு ஒரு ஆளத் தூக்கி எறிஞ்சிருச்சு. உள்ள கரண்டு குடுக்குற பவர் சப்ளை கோளாறு. அந்த ஆபீசுச் சாமான்ல சேத்த பெட்டி எல்லாத்துக்கும் புதுசு மாத்திக்கிட்டே வந்தாரு. ஒங்களுது கடைசி. பொம்பளப்பிள்ள வெறுங்காலோட ஒக்காருமே, மூடியையும் மாட்டிட்டு வந்துர்றேன், காசு மெதுவா வரட்டும்னு அதையும் எடுத்துக்கிட்டுத்தான் போனாரு."

போலீஸ் கொடுத்த சாக்குப் பையைக் காட்டினார். வாய் கட்டிய கயிறு அவிழ்க்காமலே வந்ததாம். செல்வராணிதான் வெட்டித் திறந்திருக்கிறார். உள்ளே புது பவர் சப்ளை இருந்தது. தகடு இல்லை. அதற்காக ரோடெல்லாம் ஆள் விட்டுத் தேடியிருக்கிறார்கள்.

நான் நடந்ததைச் சொல்லவில்லை. பணத்தை நீட்டினேன்.

"மூடி எங்க வீட்ல இருக்குங்க," என்று மட்டும் சொன்னேன்.

செல்வராணி எழுந்து என் பக்கத்தில் வந்தார். பிறகு பணத்தை என் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"அப்படின்னா நீங்க தர வேண்டியது ஒண்ணும் இல்லக்கா. காசு வாங்காம ஒருத்தருக்கும் அவரு மூடி மாட்டுனதே இல்ல."