மஞ்சள் துணியில் முடிந்த ரோமாபுரிக் காசு

நெய்த பட்டுப்புடவைகளைக் கடையில் கொடுக்க மெட்ராஸ் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய காசு விற்பவரிடம் நின்றுவிடுவேன். ரோமாபுரி ராஜாக்கள் அடித்த வெண்கலக் காசுகளில் கோயில் போட்டவை மட்டும்தான் எனக்கு வேண்டும். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் தூண்கள், படிகள், நடுவில் ஒரு சாமி. எந்தச் சாமியோ தெரியாது. தன் காசில் கோயிலைப் போட்டவன் பக்திமானாகத்தான் இருப்பான் என்று ஒரு ஒட்டுதல். கிடைத்த சிலவற்றைப் பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்துக் காப்பாற்றினேன். ஆறு தூண் கோயில் ஒன்றுதான் தேயாமல் இருந்தது.

ஒரு சித்திரையில் என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஊசி போட்டும் இறங்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு வந்தால், அம்மன் படத்தில் ஈர மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. நேர்ந்துகொண்டு காசு முடிவது எங்கள் வழக்கம். குணமானதும் முடிச்சோடு உண்டியலில் சேர்க்க வேண்டும்.

"இன்னா காசு முடிஞ்ச?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க டப்பாவுல இருந்துதாங்க. கோயில் போட்டிருக்குதே, அம்மனுக்கு விசேஷம்னு எடுத்தேன்."

டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஆறு தூண் கோயிலைக் காணோம். காசு போயிற்றே என்று வருத்தம்தான், பொய் சொல்வானேன். ஆனால் பெரிய பயம் வேறு. அது செல்லாத காசு. பெட்டிக்கடையில்கூட வாங்கமாட்டான். அதை முடிந்து பிள்ளைக்குக் குணம் கேட்டால் அம்மன் ஏற்பாளா? அவிழ்த்து ரூபாய் வைக்கலாமென்றால், நேர்ந்த முடிச்சை நடுவில் அவிழ்ப்பது வேண்டுதலையே திருப்பி வாங்குவது மாதிரி. கை முடிச்சு வரை போகும். மகள் முனகுவாள். இழுத்துக்கொள்வேன்.

பக்கத்துத் தறிக்காரரிடம் சொன்னேன். சிரித்தார். "உம் பொண்டாட்டி ரோமாபுரி சாமியையும் இட்டாந்துட்டா. ரெண்டு சாமி பாத்துக்குது, ஒனக்கு இன்னாபா கவலை?"

அதுவே இன்னொரு கவலையாயிற்று. ரோமாபுரி சாமி பார்ப்பார் என்று அம்மனும், அம்மன் பார்ப்பாள் என்று அவரும் விட்டுவிட்டால்?

மறுநாள் விடிகாலை மகள் நெற்றியைத் தொட்டேன். வியர்த்திருந்தது. கஞ்சி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனோம். உண்டியல் முன் முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்தினேன். துணிக்குள் தூண்கள் தட்டுப்பட்டன.

"இன்னும் இன்னா தடவிக்கினு நிக்கிறீங்க, போடுங்க."

போட்டேன். குறை இருக்கக்கூடாதென்று, செல்லும் ரூபாய் ஒன்றையும் பின்னாலேயே போட்டேன்.

மறு வருஷம் மகளுக்கு விடாத இருமல். இந்த முறை டப்பாவைத் திறந்து நானே நீட்டினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் தேஞ்சிருக்குதுங்க. அந்த மாதிரி நல்லதா ஒண்ணு கிடைக்காதா?"

உள்ளே மகள் இருமினாள். நான் மெட்ராஸ் பஸ்ஸுக்குச் சட்டை மாட்டினேன்.