வல்லாளனின் ராணிக்கு யார் திதி கொடுப்பது?

மாசி மகத்தன்று காலை ஆறரைக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினோம், நானும் மகள் கவிதாவும். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். மலையைப் பார்க்க ஜன்னலோரத்துக்கு நான் போட்ட சண்டை வீண். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் அது டிரைவருக்கு நேர் எதிரேதான் தெரிந்தது.

அடுத்த மாதம் என் கணவருக்கு முதல் வருஷத் திதி. எங்களுக்கு ஒரே பெண். கொள்ளி வைத்தவன் கொழுந்தனார் மகன் சேகர். திதியும் தானே கொடுப்பதாகச் சொல்கிறான். "நான் குடுக்கறனேம்மா" என்று கவிதா கேட்டு இரண்டு மாதமாகிறது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஊர் என்ன பேசுமோ என்ற பயம்தான், வேறென்ன.

ஒன்பதரைக்குக் கோயிலில் இருந்தோம். வல்லாள மகாராஜா கோபுரத்தில் ராஜாவின் சிலை இருக்கிறது. ராணியைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. ராஜாவுக்கு இரண்டு மனைவியர், பிள்ளை இல்லை. அடியாராக வந்த சிவன், இரவுத் துணைக்கு ஒரு தாசி வேண்டும் என்றாராம். ஊரில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. கொடுத்த வாக்குத் தவறக்கூடாதென்று ராஜா தவிக்க, இளைய ராணி சல்லம்மா தானே போனாள். அவள் தொட்டதும் அடியார் கைக்குழந்தையாகி, ராஜாவுக்கே பிள்ளையாகிவிட்டார். ராஜாவின் வாக்கு, போனவள் அவள்! கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

அந்தப் பிள்ளை கடன் தீர்க்கும் நாள்தான் மாசி மகம். சாமியே பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் பேசிப் போனோம்.

"தையில தீர்த்தவாரிக்குப் போயி மணலூர்பேட்டை ஆத்துல இருக்கும்போதுதான் ராஜா எறந்த சேதி சாமிக்கு வந்துதாம். மேளமே இல்லாம திரும்பிடுவாருங்க. இன்னிக்கு காரியம்" என்றார் ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுச் சாவைச் சொல்வதுபோல.

கரையில் நல்ல கூட்டம், வெயிலும் ஜாஸ்தி. சாமி வந்து இறங்கினார். குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்லச் சடங்கு நடந்தது. ஜனங்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல அமைதியாக நின்றார்கள்.

"ராணிக்கு எப்பங்க?" என்று கவிதா ஆட்டோக்காரரைக் கேட்டாள்.

"ராணிக்கா?" அவர் தலையைச் சொறிந்தார். "நான் கேள்விப்பட்டதில்லம்மா. கொழந்தைய மொதல்ல தூக்கனது அவங்கதான். ஆனா யாரும் சொன்னதில்ல."

கவிதா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முட்டியளவு நீரில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி விட்டாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. நாளைக்கு நான் போனாலும் கரையில் சேகர்தான் நிற்பான், இவள் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளி நிற்பாள். அதற்கு வழி செய்துகொண்டிருப்பது ஊரல்ல, நான்தான்.

மாலை நாலு மணி பஸ்ஸில் விழுப்புரம் திரும்பினோம். செஞ்சி வருவதற்குள் சேகருக்குப் போன் செய்தேன்.

"திதி கவிதா குடுப்பா, சேகரு."

"என்ன பெரீம்மா, ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். நீ சாப்பாட்டுக்கு வந்துடு."

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். கவிதா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அவள் பாவாடை விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"எனக்கும் நீதான்டி" என்றேன்.