பேச்சு நின்ற வீடு

1993இல் கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள், சரோஜா தன் தங்கை பொன்னியைக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சண்டை போட்டுத் துரத்தினாள் என்றும் சொல்லலாம்.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை கூட்டுவது சரோஜாவின் வேலை. அந்த நேரமெல்லாம் அவள் மகள் நந்தினியைப் பார்த்துக்கொண்டது பொன்னிதான். பொன்னிக்கு வாய் ஓயாது. அரிசி களைந்தாலும் பேச்சு, தெருவில் எருமை போனாலும் பேச்சு. மூன்று வயதுக்குள் நந்தினியும் வாயாடியாகிவிட்டாள்.

"எரும ஏன் சித்தி சொக்கா போடல?"

"டெய்லரு அளவெடுக்க வந்தா முட்டுதுடி, இன்னா பண்றது?"

விஜயதசமிக்குச் சேர்த்த இங்கிலீஷ் நர்சரியில், வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசச் சொன்னார்கள். விடுதிக்கு வரும் வெள்ளைக்காரக் குழந்தைகள் நாலு வயதிலேயே புத்தகமும் கையுமாகத் திரிவதைச் சரோஜா பார்த்திருக்கிறாள். அந்தப் பாஷைதான் அப்படிப் படிக்க வைக்கிறது என்று நம்பினாள்.

"உன் பேச்சக் கேட்டா இவ உருப்பட மாட்டா. நீ கெளம்பு."

"ஆமா, உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு கம், கோ, டவலு. அத வெச்சுக்கினு புள்ளய வளத்துடுவியாக்கா?"

கேலியாகத்தான் கேட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அதன்பின் வீட்டில் "கம்", "சிட்", "ஈட்", "நோ" மட்டும் கேட்டன. அதற்குமேல் சரோஜாவிடம் வார்த்தை இல்லை. தமிழ் வாய்வரை வந்தால் விழுங்கிக்கொண்டாள். ஆட்டோ ஓட்டிவிட்டு வரும் புருஷன் முருகையன் மகளைக் கொஞ்சினால் அவனையும் அடக்கினாள்.

"இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று அவன் மறுபடி வெளியே போய்விடுவான்.

நந்தினி கேள்வி கேட்பதை விட்டாள். ஆனால் இங்கிலீஷ் எழுத்துகளை அச்சு மாதிரி எழுதினாள். அந்தச் சிலேட்டைச் சரோஜா அக்கம்பக்கத்தில் காட்டிப் பூரித்துப்போனாள்.

மூன்றாம் வகுப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. அம்மாவை வரவழைத்த டீச்சர் நந்தினியிடம் பாடத்தைக் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டி நாலு வரி படித்து முடித்தாள்.

"கதையில இன்னா நடந்துச்சு? தமிழ்லயாச்சும் சொல்லும்மா."

நந்தினி தரையைப் பார்த்தாள். பிறகு அதே நாலு வரியை மறுபடி எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்.

அந்த வாரமே, விடுதிப் படிக்கட்டில் ஒரு வெள்ளைக்காரி மகனை மடியில் வைத்துப் படப்புத்தகம் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்துக்கு ஒன்பது கேள்வி கேட்டான் பையன். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். துடைப்பத்தோடு நின்ற சரோஜாவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இங்கிலீஷா?" என்று கேட்டாள்.

"நோ, நோ. பிரெஞ்ச். எங்க வீட்டுப் பாஷை" என்று அரைகுறைத் தமிழில் சிரித்தாள் அவள்.

சரோஜா மீதி அறைகளைக் கூட்டாமலே வீட்டுக்கு வந்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "இன்னிக்கு ஸ்கூல்ல இன்னாம்மா ஆச்சு?" என்று ஐந்து வருஷத்துக்குப் பிறகு தமிழில் கேட்டாள்.

நந்தினி மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

"நத்திங்."

முழுப்பரீட்சை லீவுக்கு நந்தினியைப் பொன்னியிடம் கொண்டுபோய் விட்டது முருகையன்தான். தங்கை முகத்தில் விழிக்கச் சரோஜாவுக்குத் தைரியம் வரவில்லை. லீவு முடிகிற சமயம், மகளுக்குப் பிடித்த மாதிரி பாவாடை வாங்கி வைத்துக் காத்திருந்தாள். மூலைக் கடைத் தசரதன் வந்து கூப்பிட்டார்.

"உன் தங்கச்சி கடைக்குப் போன் பண்ணிச்சும்மா. பாப்பா அங்க பஸ் போர்டு, உர மூட்ட, சினிமா போஸ்டர்னு கண்ணுல பட்டதெல்லாம் தப்பும் தவறுமா படிச்சு, இது இன்னா, அது இன்னானு சித்தி உயிர வாங்குதாம். லீவு முடிஞ்சும் அங்கயே படிக்கிறேன்னு அதுவேதான் சொல்லுதாம். அக்காவ வர வேணாம்னு சொல்லுங்க, அவளப் பார்த்தா புள்ள மறுபடியும் வாய மூடிக்கும்னு சொல்லிச்சு."