ஷைலஜா ரிவர்ஸ் எடுத்த வண்டி

செங்கன்னூரில் இன்றைக்குக் காரோட்டும் பெண்களில் பாதிப் பேர் வல்சலாவிடம் திட்டு வாங்கியவர்கள். யாரோ ஒருவர் நடத்திய டிரைவிங் பள்ளியில் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுத்தே அவளுக்குத் தலை நரைத்தது. கியரும் கிளட்சும் யாரும் சொல்லித் தரலாம். வல்சலா சொல்லித் தந்தது வேறு: "பயமா இருந்தா பயப்படு மோளே. காலை மட்டும் எடுக்காதே."

தன் பெயரில் ஒரு பலகை தொங்க வேண்டும், சொந்த வண்டியில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மிதுன மாதக் கடைசியில், சுகுணனின் பழைய கார் யார்டில் ஒரு வெள்ளைக் காரைக் கண்டாள். படுத்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், ஓட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பணத்தை முழுக்கக் கொடுத்தும் விட்டாள். வண்டியைத்தான் எடுக்கவில்லை, ஏனென்றால் மறுநாள் நல்ல காரியத்துக்கு ஆகாத கர்க்கடகம் பிறக்கிறது. பேய்மழை கொட்டும் அந்த மாதத்தில் ஒரு கரண்டிகூட வாங்க யோசிக்கிற ஊரில் எவள் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவாள்? சுகுணனே சொன்னான், "சிங்க மாசம் ஒண்ணாந்தேதி வாங்க சேச்சி. அதுவரைக்கும் வண்டி என் பொறுப்பு."

சிங்க மாதம் பிறந்த அன்று வண்டி மாலையும் சந்தனமுமாக, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தது. உள்ளே ஊதுபத்தி வாசம் ஆளைத் தூக்கியது. இவனுக்கு இவ்வளவு பக்தியா என்று வல்சலா உருகிப்போனாள். நல்ல நாளில் குறை தேடக்கூடாதென்று பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஊருக்கே கற்றுக்கொடுப்பவள் மாலையைப் பார்த்து வண்டி எடுத்தாள், போதாதா!

ஓணம் முடிந்த கையோடு வண்டி நடுரோட்டில், ஓட்டிக்கொண்டிருந்த மாணவியோடு, நின்றது. மெக்கானிக் சீட்டைக் கழற்றினால் அடியில் வயல் சேறு காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கிறது. ஒயர்கள் பச்சை பூத்திருந்தன. யார்டில் நின்றபோது வண்டி தண்ணீரில் முழுகியிருக்கிறது. போய்க் கேட்டால், தண்ணீரா, என் யார்டிலா என்றான் சுகுணன். கர்க்கடகம் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டுப் போனது நீங்கள்தானே என்று ஒரு குத்தும் குத்தினான். டிரைவிங் டீச்சருக்கே தண்ணி காட்டிவிட்டான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சேர வந்த பெண்கள் வேறு பள்ளிக்குப் போனார்கள். பெயர் எழுதி வாங்கிய பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுகுணனின் மனைவி ஷைலஜா அவளிடமே ஓட்டக் கற்றவள். ஓணத்துக்கு முன்னால் ஒரு டப்பா உப்பேரி வறுவலோடு வந்து பெருமை பேசிவிட்டுப் போயிருந்தாள். கர்க்கடகத்தில் ஒரு விடியற்காலை பின்பக்க ஓடைக்கரை உடைந்து யார்டுக்குள் தண்ணீர் வந்ததாம். சுகுணன் கைகால் ஓடாமல் நிற்க, இவள் தங்கள் சொந்த வண்டியில் ஏறி, கதவைத் தொட்ட தண்ணீரில், குறுகலான மேட்டுப் பாதையில் ரிவர்ஸிலேயே சாலைக்கு ஏற்றினாளாம். வல்சலா அவளைக் கட்டிக்கொண்டாள். தன் வண்டியும் அதே யார்டில்தான் நின்றது என்பது அந்தச் சந்தோஷத்தில் தோன்றவே இல்லை.

ஆலப்புழை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டு, வக்கீல் வைக்காமல் தானே வாதாடினாள். ஷைலஜாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் கணவர் திவாகரன்.

"டீச்சர்னு நம்பி எங்கிட்ட சொன்னா," என்றாள் வல்சலா. "அதை எடுத்து அவ வீட்டுக்குள்ள தீ வைக்கச் சொல்றீங்களா? வண்டி போனா போகட்டும்."

இந்த வீம்பைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறவர் அவர்.

விசாரணை நாளில் சுகுணனின் வக்கீல் எழுந்து, யார்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை, இந்த அம்மாதான் வண்டியை எங்கோ முக்கியிருக்கிறார் என்றார். பிற்பகலில் சுகுணன் அதையே சத்தியம் செய்து சொல்ல வேண்டும். வேறு சாட்சி உண்டா என்று ஆணையத் தலைவர் கேட்டார். வல்சலாவுக்குத் தொண்டைவரை ஒரு பெயர் வந்தது. இல்லை என்றாள்.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் ஷைலஜா நின்றாள். காலையில் வக்கீலோடு சுகுணன் போனில் ஒத்திகை பார்த்ததை அவள் கேட்டிருந்தாள். அவன் வக்கீலின் ஜீப்பில் கிளம்பியதும், பின்னாலேயே தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

"எப்படி வந்தே?" என்றான் சுகுணன்.

"ஓட்டிக்கிட்டு." அவள் கார் சாவியைக் காட்டினாள். "நீங்க என்ன வித்தீங்க, எப்படி வித்தீங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கேனா? ஆனா தண்ணியே வரலைன்னு சொல்றீங்களே, அப்ப நான் எதுலேருந்து வண்டியை எடுத்தேன்? என் ஆயுசுல நான்னு செஞ்சது அது ஒண்ணுதான். அது நடக்கவே இல்லைன்னு நீங்க உள்ளே சொன்னா, நானும் உள்ளே வருவேன்."

வல்சலா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, பெருமையில்தான்.

சுகுணன் வக்கீலோடு கொஞ்ச நேரம் குசுகுசுத்தான். மறுபடி கூடியபோது, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையும், வகுப்பு நின்ற நஷ்டமும் தருவதாக ஒப்புக்கொண்டான். அப்படியானால் தண்ணீர் ஏறியது நிஜம்தானா என்று கேட்டார் தலைவர்.

"ஏறிச்சு சார்," என்றான் தரையைப் பார்த்து. "எங்க வண்டியை மட்டும் என் மனைவி காப்பாத்தினா."

திரும்பும்போது ஷைலஜாதான் ஓட்டினாள். பக்கத்தில், வழக்கமாகத் தான் உட்காரும் இடத்தில், வல்சலா. பின்சீட்டில் சுகுணன். இரண்டு பக்கமும் காயல் நீர் தளும்பும் சாலையில், வரும்போது வழிநெடுக உயிரே போய்விட்டது சேச்சி என்றாள் ஷைலஜா.

"கால்?"

"எடுக்கல."

வீட்டுக்கு வந்ததும் வல்சலா முதலில் பலகையைத் திருப்பித் துடைத்தாள். எவ்வளவு கிடைத்தது என்று திவாகரன் கேட்டார்.

"வக்கீல் ஜீப்புக்கும் கோர்ட்டு மதிலுக்கும் நடுவுல," என்றாள் வல்சலா, "ரிவர்ஸ்ல போட்டு வண்டியை நிறுத்தியிருந்தா ஷைலஜா. ஒரு கீறல் இல்ல."